நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்

கத்தி கிழங்கின் மேல் படவில்லை.

ஒரு வாரமாக அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தும் அன்று பிற்பகல்தான் அது அவள் கண்ணில் பட்டது. முக்காலியில் உட்கார்ந்து கிழங்கு நறுக்கும் இளம்பெண்ணின் இடக்கையில் கிழங்கு, வலக்கையில் கத்தி. கத்தியின் விளிம்புக்கும் கிழங்கின் தோலுக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு வெள்ளைக் காகிதம். வரைந்தவரின் கை தவறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு பாத்திரத்தின் முழு வளைவையும் ஒரே இழுப்பில் முடித்துவிடுகிற கை அது. அந்த இடத்தில் அவர் வேண்டுமென்றே பேனாவை எடுத்திருந்தார். அந்தப் பெண் வேண்டுமென்றே கத்தியை நிறுத்தியிருந்தாள்.

அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை, பார்வை இல்லாதவர்களுக்குப் படங்களைச் சொல்வது. ஒவ்வொரு படத்துக்கும் வர்ணனை எழுதி, மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சத்தம் புகாமல் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவளே வாசித்துப் பதிவுசெய்வாள்; வருகிறவர்கள் படத்தின் எண்ணை அழுத்தினால் காதில் அவள் குரல் கேட்கும். அந்த வேலைக்கென்று சில விதிகள் உண்டு. கண்ணுக்குத் தெரிவதைச் சொல், மனசுக்குத் தோன்றுவதைச் சொல்லாதே. எதையும் உடையவர் இல்லாமல் விடாதே: கை என்றால் யாருடைய கை, நிழல் என்றால் எதனுடைய நிழல். எல்லாவற்றுக்கும் மேலான விதி, கேட்பவரைப் படத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தாதே. அவர் வெளியே நிற்கிறார். வெளியேயே நிற்கட்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் படம். வரைந்தவர் பெயர் தெரியாது. வரைந்தபோது கறுப்பாக இருந்த மை இத்தனை காலத்தில் தேநீர்க் கறைபோலப் பழுத்திருந்தது. ஒரு சமையலறை, இடப்பக்கம் ஜன்னல், ஜன்னலின் வெளிச்சத்துக்கு வரைந்தவர் மையே செலவழிக்கவில்லை, காகிதத்தைச் சும்மா விட்டிருந்தார், அது வெளிச்சமாகிவிட்டது. கிழங்கு நறுக்கும் பெண்ணுக்குப் பின்னால் நாற்காலியில் சுவரோடு தலையைச் சாய்த்துத் தூங்கும் ஒரு ஆண், ஒரு காலில் செருப்பில்லை. மேஜைக்கு அடியில் மேஜைக்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சிறு குழந்தை. வீரர்களும் மன்னர்களும் வரையப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர் இதையும் வரையத் தகுந்ததாக நினைத்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பிடித்திருந்தது. தூங்குகிறவனின் சட்டையில் முழங்கை தேய்ந்த இடத்தை நாலு சின்னக் கோடுகளால் காட்டியிருந்தார். அதைப் பார்த்தபோது அவளுக்குத் தன் கணவனின் வேலைச்சட்டை ஞாபகம் வந்தது.

வீட்டிலும் அவளுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து சாவியால் கதவைத் திறந்ததும் உடனே உள்ளே போக மாட்டாள். வாசலிலேயே ஒரு நிமிடம் நிற்பாள். நாத்தனார் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காய் நறுக்குவதையும், லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வந்த அசதியில் கணவன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருப்பதையும், மகள் தரையில் பென்சில்களைப் பரப்பியிருப்பதையும் இடமிருந்து வலமாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். தான் இல்லாத வீட்டைத் தான் பார்க்கிற அந்த ஒரு நிமிடம் அவளுக்கு வேண்டியிருந்தது. பிறகு மகள் பார்த்துவிடும்; ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும்; வீடு மறுபடியும் அவள் இருக்கிற வீடாகிவிடும். அந்த ஓட்டத்துக்காகத்தான் நின்றாள் என்றும் சொல்லலாம். வந்தால் உள்ளே வா, வாசலில் நின்று அறிக்கை வாசிக்காதே என்று கணவன் கேலி செய்வான்.

வர்ணனையைப் பதிவு செய்யும் முன் ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அவர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர், நடு வயதில் பார்வை போனவர். எல்லோரும் அவரை ரேடியோ என்றே கூப்பிடுவார்கள், அவர் முகத்துக்கு நேராகவே. அன்று கண்ணை மூடி முழுவதையும் கேட்டுவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, கிழங்கின் வாசனை கூட வந்தது, ஆனால் ஒரே ஒரு சாமான் அனாதையாகக் கிடக்கிறது என்றார்.

"நடுவுல தரையில ஒரு நிழல் விழுதுன்னு சொன்னியேம்மா. அது யாரோடது?"

அவள் மறுபடி பார்த்தாள். ஜன்னல் இடப்பக்கம். முக்காலி, மேஜை, மனிதர்கள் எல்லாருடைய நிழல்களும் ஒழுங்காக வலப்பக்கம் சாய்ந்திருந்தன. இந்த ஒரு நிழல் மட்டும் படத்தின் கீழ் விளிம்பிலிருந்து, அதாவது பார்க்கிறவர் நிற்கிற பக்கத்திலிருந்து, நேராக உள்ளே நீண்டு மேஜைக்காலுக்கு அருகில் முடிந்தது. படத்திலேயே அடர்ந்த மை அங்கேதான். மை அந்த இடத்தில் காகிதத்தை அரித்து நுண்ணிய விரிசல்கள் விட்டிருந்தது. தலை, தோள், தொங்குகிற ஒரு கை. கை கொஞ்சம் அதிக நீளம்.

வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ரேடியோ கேட்டார். வாசலே படத்தில் இல்லை. நாம்தான் வாசல் பக்கம் இருக்கிறோம் என்றாள். அப்படியானால் அதையே சொல்லிவிடு என்று சிரித்தார் அவர். நேரமாகிவிட்டது, கண்காட்சி மறுநாள் திறக்கிறார்கள். விதி அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான், பஞ்சு அறையில் கடைசி வரியாக அதைச் சேர்த்தாள்.

"நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். தரையில் விழுவது உங்கள் நிழல்."

சொல்லி முடித்ததும் அந்த அறையில் எப்போதும் இருக்கும் காது அடைத்த மௌனம் கொஞ்சம் மாறினாற்போல் இருந்தது. ஒரு அறையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்ததும் மாறுமே, அப்படி. அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

அன்று வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது மகள் ஓடி வரவில்லை. நாத்தனாரின் மடியில் உட்கார்ந்து அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. நாத்தனார் எழுந்து வந்தாள். வாய் ஓயாமல் யாரையாவது வம்புக்கு இழுக்கிற பெண், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, நீங்க பொழுது சாயறப்ப ஒரு தடவை வந்துட்டுத் திரும்பப் போனீங்களா?"

இல்லையே என்றாள் அவள். வந்தீர்கள், வாசலில் நின்றீர்கள், எப்போதும் நிற்பதுபோல. கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இல்லை என்றாள் நாத்தனார். கணவன் வெளியிலிருந்து அப்போதுதான் வந்தவன். உங்க அண்ணிக்கு வீட்டு ஞாபகம் வேலை நேரத்திலேயே வருவது நல்ல விஷயம்தானே என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். சாப்பிடும்போது மகள் தன் தட்டை அத்தைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டது.

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் அந்தப் படம் மாட்டப்பட்டிருந்தது. பழைய காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் யாராவது எதிரில் வந்து நின்றால் மட்டும் மேலே விளக்கு மங்கலாக எரியும், நகர்ந்தால் அணைந்துவிடும். அவள் நின்றாள். விளக்கு எரிந்தது. படச்சட்டத்துக்குக் கீழே 'மாலை நேர அமைதி' என்று அட்டை வைத்திருந்தார்கள்.

அமைதி இல்லை அது. தூங்குகிறவனின் இமைக்குக் கீழே ஒரு கீற்று வெள்ளை விடப்பட்டிருந்தது, அவன் தூங்கவில்லை. செருப்பில்லாத கால் தரையில் பதிந்து, விரல்கள் தரையைப் பற்றி, எழுந்து ஓடத் தயாரான காலாக இருந்தது. மேஜைக்கு அடியில் குழந்தை ஒரு கையால் மேஜைக்காலைப் பிடித்திருந்தது என்று அவள் எழுதியிருந்தாள். இன்னொரு கை தன் வாயைப் பொத்தியிருந்தது என்று எழுதவில்லை. அதை அவள் கன்னத்து நிழல் என்று நினைத்திருந்தாள். மூன்று பேரில் ஒருவர்கூட வாசல் பக்கம் பார்க்கவில்லை. ஒரு அறையில் மூன்று பேர் இருந்தால் யாராவது ஒருவர் தற்செயலாகவாவது அந்தப் பக்கம் பார்ப்பார்கள். இவர்கள் பார்க்காமல் இருக்க உழைத்துக்கொண்டிருந்தார்கள். நறுக்குவதாக, தூங்குவதாக, விளையாடுவதாக. நிழல் போகும் வரைக்கும்.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் மேஜைக்கு அடியில் இருந்தது.

அவள் குனிந்து, தரையில் முழங்கை ஊன்றி, என்ன செய்கிறாய் என்று கேட்டாள். பழைய மரமும் சோப்பும் மணக்கிற அந்த அரையிருட்டில் குழந்தையின் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"விளையாட்டு. அசையாம இருக்கணும். நிமிந்து பாக்கக் கூடாது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அத்தை."

"எவ்வளவு நேரம் விளையாடணும்?"

"அது போற வரைக்கும்."

இந்த முறை கணவனும் பார்த்திருந்தான். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவளிடம் சொன்னான். கதவு பூட்டியிருந்தது. திறந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் அவள் நின்றாள்: அவளுடைய சாம்பல் நிறச் சேலை, அவளுடைய கைப்பை, அவள் தலை சாய்க்கிற விதம். பேர் சொல்லிக் கூப்பிட்டான், பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது. இடமிருந்து வலமாக. நேராகப் பார்த்தால் அது ஒரு அடி உள்ளே வருகிறது. பார்க்காமல் அவரவர் வேலையைச் செய்தால் நிற்கிறது, பிறகு போய்விடுகிறது. அதைக் கண்டுபிடித்தது நாத்தனார்.

நாளைக்கு விடுப்புப் போட்டு வீட்டில் இருக்கிறேன் என்றான் அவன். நாளை மறுநாள் எல்லாருமாகக் கிளம்பி அவனுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். அதுவரை ஒன்றே ஒன்று.

"நீ எப்பவும் வர்ற நேரத்துக்கே வா. அது பொழுது சாயறப்ப வருது, நீ விளக்கு வெச்சப்புறம் வர்றே. அதை வெச்சுத்தான் எங்களுக்கு ஆள் தெரியுது."

கீழேயிருந்து போன் செய்துவிட்டுப் படியேறுங்கள் என்று நாத்தனார் சேர்த்துக்கொண்டாள். வழக்கம்போல ஏதாவது கேலி சொல்லி முடிப்பாள் என்று அவள் காத்திருந்தாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரவு மகள் அத்தையோடு படுத்துக்கொண்டது. தன் மகள் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும். சொல்ல முடிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்ததும் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட வேண்டும் என்று ரேடியோவிடம் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. எடுத்துவிடு, அந்த வரிக்குப் பிறகு மூச்சுச் சத்தமும் விழுந்திருக்கிறது, அதையும் சேர்த்து வெட்டு என்றார் அவர். அவளுடைய மூச்சா என்று கேட்டாள். உன் மூச்சு எனக்குத் தெரியும், அது வரிக்கு முன்னால் வரும் என்றார். பிறகு, கேட்க வேண்டாமென்று நினைத்தவர்போல, கேட்டார்.

"அந்தக் குழந்தையோட அம்மா எங்கம்மா?"

கிழங்கு நறுக்குகிறாளே என்றாள். அவளுக்கும் தூங்குகிறவனுக்கும் ஒரே மாதிரி மழுங்கின மூக்கு, ஒரே மாதிரி காது என்று நீதானே எழுதியிருக்கிறாய், அவள் தங்கையாக இருக்கும் என்று தோன்றியது எனக்கு என்றார்.

அவள் கூடத்துக்குப் போனாள். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் இல்லை. மெழுகு போட்ட தரையில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் அவளுக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. கூடத்தின் மறுகோடியில், அந்தப் படத்துக்கு எதிரே யாரும் இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நெருங்கிப் பார்த்தாள். அண்ணனும் தங்கையும். மேஜையின் மேல் அடுக்கிய கிண்ணங்களை எண்ணினாள், ஒன்று அதிகம். சுவரில் மாட்டியிருந்த பெண்ணுடைய மேலங்கி, கிழங்கு நறுக்கும் பெண்ணுக்குப் பெரிது. அம்மா வெளியே போயிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வருகிற நேரம். வந்துவிட்டாள், வாசலில் நிற்கிறாள், அவளுடைய நிழல் தரையில் விழுகிறது, வீட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிழலின் தலைக்கும் மேஜைக்காலுக்கும் நடுவே ஒரு வாரம் முன்பு ஒரு விரல் அளவு வெள்ளை இருந்தது. அவள் அதை எழுதியும் இருந்தாள். இப்போது இல்லை.

பஞ்சு அறைக்கு ஓடிப் பதிவை அழித்தாள். முழுவதையும். திரை காலியானது. உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்ததுபோல் இருந்தது, ஒரு கணம்தான். வரியை அழித்துவிடலாம், வாசலுக்குப் போய்விட்டதை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? வெளியே வந்தபோது மாடிப்படி ஜன்னலில் வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம். அதற்கு முன்னால் அவள் வீட்டில் இருந்தால், வாசலில் அவள் நின்றால், அது நிற்க இடம் இருக்காது. இதைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் நிழல்கள் நீண்டுகொண்டே வந்தன. நிறுத்தத்தில் இறங்கி ஓடினாள். மாடிப்படியில் யாரோ துவைத்துக் காயப்போட்ட துணியின் ஈர வாடை, அடைத்த காற்று, மேல்தளத்தின் நடைபாதையில் பகலிலும் எரிகிற அந்த ஒற்றை பல்ப் கொசு மாதிரி இரைகிற சத்தம். சாவி துவாரத்தில் இரண்டு முறை வழுக்கியது. திறந்தாள்.

இடப்பக்கம் ஜன்னல். காய்ந்த மையின் நிறத்தில் வெளிச்சம்.

நாத்தனார் முக்காலியில். இடக்கையில் கிழங்கு, வலக்கையில் கத்தி. கணவன் நாற்காலியில், தலை சுவரில், ஒரு காலில் செருப்பில்லை. மேஜைக்கு அடியில் மகள்.

வந்துவிட்டேன், முந்திவிட்டேன் என்று மூச்சு வாங்கினாள். பிறகுதான் பார்த்தாள்.

கத்தி கிழங்கின் மேல் படவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். நாத்தனாரின் உதடு அசைந்ததாகவே தெரியவில்லை. முழங்காலுக்கும் கிழங்குக் கூடைக்கும் நடுவே போன் மினுங்கியது. குரல் அறையிலிருந்தும் போனிலிருந்தும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வந்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க? இன்னைக்குச் சீக்கிரமே வந்துடுச்சு. நீங்க வராதீங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. கீழேயிருந்து போன் செய்யவில்லை. எப்போதும் வருகிற நேரத்துக்கு வரவில்லை.

"நான்தான்," என்றாள். "நான்தான் நிக்கிறேன்."

கணவனின் கால்விரல்கள் தரையைப் பற்றின. மகளின் கை தன் வாய்க்குப் போனது.

"பேசுது, அண்ணி." போனில் அழுகையை அடக்குகிற மூச்சு. "இன்னைக்குப் பேசுது. உங்க குரல்லயே."

மேஜைக்கு அடியில் சின்ன உடம்பு நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. கிட்டே போனால் குழந்தை கத்தும். கூப்பிட்டாலும் கத்தும். அந்தப் பயத்தை நிறுத்த அவளிடம் ஒரு வழிதான் இருந்தது. அது போகும் வரைக்கும்தானே விளையாட்டு. போய்விடலாம். கீழே போய், இருட்டும் வரை காத்திருந்து, போன் செய்துவிட்டு, அம்மாவாக வரலாம்.

ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. வாசலைத் தாண்டி, நடைபாதைக்கு, படிக்கட்டின் மூலைக்கு. பல்ப் இரைந்தது.

உள்ளே நீண்ட ஒரு மூச்சு கேட்டது. கணவன் கண்ணைத் திறந்தான். "போயிடுச்சு," என்றான். கத்தி கிழங்கில் இறங்கியது. நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் மேஜைக்காலை விட்டுவிட்டு, முழங்காலால் நகர்ந்து, வெளியே வந்தது. எழுந்து நின்றது.

அவள் படிக்கட்டின் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த கதவு. யாரும் இல்லாத வாசல்.

தரையில் நிழல்.

அவள் நகர்ந்திருந்தாள். அது நகரவில்லை. வாசலிலிருந்து நேராக உள்ளே நீண்டு, மேஜைக்காலைத் தொட்டு, மகளின் வெறுங்காலுக்கு அடியில் கிடந்தது. தலை. தோள். அதிக நீளமான அந்தக் கை. கத்த வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது. உள்ளே மூவரும் அதைக் கேட்டார்கள். மூவரும் ஒன்றாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகள் அசையாமல், நிமிர்ந்து பார்க்காமல், விளையாட்டின் விதிப்படி நின்ற இடத்திலேயே நின்றது.

தரையில் அந்தக் கை மெல்ல மடங்கி, குழந்தையைச் சுற்றிக்கொண்டது.